இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் அண்ணப் பிளவு நோய்: ஐஆர்எஃப்6 மரபணு பிடிபட்ட நிகழ்வு

பின்னணி

கீழுதட்டின் சிவந்த பகுதியில், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு சின்னக் குழிகள். சிலருக்கு அது வெறும் பள்ளம்தான், கண்ணாடியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாய் போய் உதட்டிலுள்ள சிறு எச்சில் சுரப்பிகளோடு சேர்ந்திருக்கும், அதனால் அவ்வப்போது அந்தத் துளையிலிருந்து எச்சில் கசியும். வலி கிடையாது. பல குடும்பங்களில் இதை ஒரு குறை என்றே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதே குடும்பத்தில் ஒரு குழந்தை உதட்டுப் பிளவோடும் இன்னொன்று அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, பிளந்தும் பிறந்திருந்தால் அந்தக் குழிகள்தான் முக்கியமான தடயம்.

இந்தக் குழிகளை 1845இலேயே பிரெஞ்சு மருத்துவர் டெமார்கே எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் பிளவுக்கும் உள்ள தொடர்பைக் குடும்ப வரிசைகளோடு காட்டி 1954இல் ஆன் வான் டெர் வூட் எழுதினார். அதனால் நோய்க்கு அவர் பெயர்: வான் டெர் வூட் நோய்க்குறி. வேறு அறிகுறிகளோடு சேர்ந்து வரும் உதட்டு, அண்ணப் பிளவுகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. பெற்றோரில் ஒருவரிடம் மரபணு மாற்றம் இருந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பொதுவாக உதட்டுப் பிளவு (அண்ணத்தோடு சேர்ந்தோ சேராமலோ) ஓடும் குடும்பம் வேறு, அண்ணம் மட்டும் பிளந்திருப்பது ஓடும் குடும்பம் வேறு. ஏனென்றால் உதடு மூடுவதும் அண்ணம் மூடுவதும் கருவில் வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு திசுக்களில் நடப்பவை. வான் டெர் வூட் குடும்பங்களில் மட்டும் இரண்டும் கலந்து வரும். அப்படியானால் இரண்டு வேலையிலும் கை வைத்திருக்கிற ஒரு மரபணு இருந்தாக வேண்டும். அது எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கிடைத்தது ஒரு இரட்டையர் ஜோடியிடமிருந்து. அவர்கள் யார் என்பது வெளியில் வரவில்லை, வரவும் தேவையில்லை. 2002இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வில் அவர்கள் வெறும் 'ஒரு ஜோடி'தான்.

எங்கே சிக்கி நின்றது

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மர்ரி குழு பல ஆண்டுகளாக இதைத் துரத்திக்கொண்டிருந்தது. 1990இல் குடும்பங்களை வைத்து, நோய் 1ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஓரிடத்தோடு சேர்ந்தே கடத்தப்படுகிறது என்று காட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வேலை சுருக்குவதுதான். எந்த நோயாளியிடம் குரோமோசோம் எங்கே உடைந்து மாறியிருக்கிறது, யாரிடம் ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எல்லையை நெருக்கினார்கள். கடைசியில் சுமார் 3,50,000 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு வந்து நின்றது.

கேட்க நெருக்கமாகத் தெரியும். ஆனால் தொடர்பில்லாத எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களின் டிஎன்ஏவில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறாக இருக்கும். அந்தக் கணக்கில் இந்தச் சின்னப் பரப்பிலேயே சில நூறு வித்தியாசங்கள் வரும். எது நோய்க்குக் காரணம், எது சும்மா மனிதருக்கு மனிதர் மாறுபடுவது? நோயாளியையும் நோயில்லாத அந்நியரையும் ஒப்பிட்டால் வித்தியாசங்கள் கொட்டும், அவ்வளவுதான். நோயாளியையும் அவரது தாய் தந்தையையும் ஒப்பிட்டால் கொஞ்சம் குறையும். ஆனாலும் நோய் உள்ள பெற்றோரிடமிருந்து வந்த குரோமோசோம் துண்டு முழுசாக அப்படியே வந்திருக்கும் என்பதால், அதில் எந்த எழுத்து குற்றவாளி என்று பிரிக்க முடியாது.

இன்னொரு வழி, அந்தப் பரப்பிலுள்ள மரபணுக்களில் முகம் உருவாவதோடு சம்பந்தப்பட்டது போலத் தெரிவதை முதலில் சோதிப்பது. அப்படிப் போயிருந்தால் ஐஆர்எஃப்6 வரிசையில் முன்னால் வந்திருக்க வாய்ப்பில்லை. அது, டிஎன்ஏவைப் பிடித்துப் பிற மரபணுக்களை இயக்கும் ஒன்பது பேர் கொண்ட ஒரு புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் பெரும்பாலானவற்றின் வேலை, வைரஸ் தொற்று வந்தால் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்க வைப்பது. ஐஆர்எஃப்6 என்ன செய்கிறது என்று அப்போது தெரியாது. வைரஸோடு மல்லுக்கட்டுகிற குடும்பத்துப் பிள்ளை அண்ணத்தில் என்ன செய்யப் போகிறது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

இரட்டையரிடம் கண்டது

இந்தக் கட்டத்தில்தான் அந்த ஜோடி உள்ளே வருகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், ஒருவருக்கு வான் டெர் வூட் நோய்க்குறி, இன்னொருவருக்கு இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் பிள்ளை பிளந்த உதட்டோடு பிறந்தால், தாய் கிரகணத்தின்போது வெளியே வந்தாள், கத்தி எடுத்துக் காய் நறுக்கினாள் என்று இன்னும் சொல்வார்கள். இப்படிப்பட்ட இரட்டையரை அவர்கள் முன்னால் நிறுத்தினால் போதும். ஒரே கருப்பை, ஒரே தாய், ஒரே பத்து மாதம், இருந்திருந்தால் அதே கிரகணம். ஆனால் ஒருவருக்குத்தான் பாதிப்பு.

அதற்காக மரபணுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது. இந்த நோயில் மாற்றம் இருந்தும் வெளியில் ஒன்றுமே காட்டாமல் இருப்பவர்கள் சிலர் உண்டு. ஆகவே இருவரிடமும் ஒரே மாற்றம் இருந்து, ஒருவரிடம் மட்டும் அது தெரிந்திருக்கலாம். நஞ்சுக்கொடி ரத்த ஓட்டத்தில் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கலாம். அல்லது இருவரும் உண்மையில் ஒரே கரு இரட்டையராகவே இல்லாமல் இருக்கலாம், தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்வது அடிக்கடி தவறும்.

எடுத்த முடிவு

முதல் வேலை, அந்தக் கடைசிச் சந்தேகத்தைத் தீர்ப்பது. மனிதருக்கு மனிதர் நீளம் மாறும் மைக்ரோசாட்டலைட் துண்டுகளைக் குரோமோசோம்களின் பல இடங்களில் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் இருவருக்கும் ஒத்துப்போனது. ஆக ஒரே கருதான்.

இரண்டாவது முடிவுதான் இந்த நிகழ்வின் மையம். நோயில்லாத இரட்டையரையே ஒப்பீட்டு மாதிரியாக வைப்பது. இருவருக்கும் டிஎன்ஏ ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்தச் சில நூறு இயல்பான வித்தியாசங்கள் ஒரே அடியில் காணாமல் போகும். மிஞ்சுவது கருத்தரித்த பிறகு ஒருவரது செல்களில் மட்டும் புதிதாக ஏற்பட்ட மாற்றம்தான். அப்படி ஒன்று அந்த 3,50,000 எழுத்துக்குள், அதுவும் ஒரு மரபணுவின் புரதம் எழுதும் பகுதிக்குள் கிடைத்தால், அது தற்செயல் என்று சொல்வது கடினம்.

கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் தேட வேண்டிய இடம் ஏற்கெனவே சுருங்கியிருந்ததால் செலவுக்கு ஒரு வரம்பு இருந்தது. முழு மரபுத்தொகுதியையும் இப்படி ஒப்பிடுவது அன்றைக்கு யோசிக்கவே முடியாத காரியம். பத்தாண்டுக்கும் மேலாகக் குடும்பம் குடும்பமாகப் போய் எல்லையைச் சுருக்கியிருக்காவிட்டால் இந்த இரட்டையர் கையில் கிடைத்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் இரட்டையரைச் சொல்லும் அளவுக்கு அந்தப் பழைய உழைப்பைச் சொல்வதில்லை.

கிடைத்தது

ஐஆர்எஃப்6 மரபணுவின் நான்காவது எக்ஸானில் (மரபணுவின் ஒரு துண்டு) ஒரே ஒரு எழுத்து. பாதிக்கப்பட்ட இரட்டையரிடம் அது மாறியிருந்தது, மற்றவரிடம் மாறவில்லை. தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. அந்தக் காலத்து வரிசைப்படுத்தும் கருவியின் வரைபடத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிற முகடாக வரும். ஒருவரிடம் தாய் தந்த பிரதி, தந்தை தந்த பிரதி என்ற இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்த இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், மாறாதவர்களிடம் ஒற்றை முகடுதான். நான்கு பேரின் வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அவ்வளவே.

மாறிய எழுத்து, புரதம் எழுதுவதைப் பாதியில் நிறுத்தும் கட்டளையாகிவிட்டது. 467 அமினோ அமிலம் நீளமுள்ள புரதம், தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று பயனற்றுப் போனால் செல்லுக்குப் பாதி அளவுதான் கிடைக்கும். அந்தப் பாதி போதவில்லை.

ஆனால் ஒரு ஜோடி என்பது ஒரே ஒரு சான்று. அதோடு நிற்காமல் குழு மற்றக் குடும்பங்களின் மாதிரிகளிலும் இதே மரபணுவைத் தேடியது. தொடர்பில்லாத இன்னும் 45 வான் டெர் வூட் குடும்பங்களில் ஐஆர்எஃப்6 மாற்றங்கள் கிடைத்தன. கூடவே பாப்ளிட்டியல் டெரிஜியம் என்ற நோய்க்குறி உள்ள 13 குடும்பங்களிலும் கிடைத்தன. அதில் உதடு, அண்ணம் பிளந்திருப்பதோடு முழங்காலுக்குப் பின்னால் சவ்வு போல் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், விரல்கள் ஒட்டியிருக்கலாம், பிறப்புறுப்பிலும் குறை இருக்கலாம், சிலருக்கு மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் இடையில் திசு இழைகள் ஓடும்.

ஒரே மரபணுவில் இரண்டு நோய். பாப்ளிட்டியல் குடும்பங்களில் மாற்றம் பெரும்பாலும் டிஎன்ஏவைப் பிடிக்கிற பகுதியில், குறிப்பாக 84ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தில் விழுந்திருந்தது. அங்கே புரதம் முழுசாகவே உருவாகிறது, ஆனால் டிஎன்ஏவைப் பிடிக்க முடிவதில்லை. வேலையும் செய்யாமல் நல்ல புரதத்தின் வேலையையும் கெடுக்கிறது. ஆகவே முதல் நோய் பற்றாக்குறை, இரண்டாவது குறுக்கீடு என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

எலிக் கருவில் இந்த மரபணு எங்கே இயங்குகிறது என்றும் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணத்தின் நடு விளிம்பில் அதன் எம்ஆர்என்ஏ (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) அடர்த்தியாகத் தெரிந்தது. பல் மொட்டு, மயிர்க்கால், பிறப்புறுப்பு, தோல் ஆகிய இடங்களிலும்தான்.

அண்ணம் எப்படி மூடுகிறது

இதன் அர்த்தம் புரிய அண்ணம் உருவாகும் விதம் தெரிய வேண்டும். மனிதக் கருவில் ஆறாவது வாரத்தில், மேல்தாடையாகப் போகிற மேடுகளின் உட்பக்கத்திலிருந்து இரண்டு தட்டுகள் முளைக்கின்றன. அவை நேராக ஒன்றையொன்று நோக்கி வளர்வதில்லை. நடுவில் நாக்கு நிற்பதால் அதன் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இறங்குகின்றன. எட்டாவது வாரத்தை ஒட்டி, தாடை வளர்ந்து நாக்கு கீழே இறங்க, தட்டுகள் மேலெழும்பிக் கிடைமட்டமாகி நடுவில் சந்திக்கின்றன. பிறகு ஒட்டி, பன்னிரண்டாவது வாரத்தில் பின்கோடி வரை மூடிவிடுகிறது.

வளர்வதற்கே செல்களுக்கிடையில் பேச்சுவார்த்தை தேவை. தட்டின் உள் திசு எஃப்ஜிஎஃப்10 என்ற சமிக்ஞையை அனுப்புகிறது, மேலே போர்த்தியுள்ள மெல்லிய படலம் அதை வாங்கிச் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகிறது, அதைக் கேட்டு உள் திசு பெருகுகிறது. முன்பகுதியில் எம்எஸ்எக்ஸ்1, பிஎம்பி4 என்ற இன்னொரு கண்ணியும் சேர்கிறது. இதில் எங்கே அறுந்தாலும் தட்டு குட்டையாகி எதிர்த்தட்டை எட்டாமல் போகலாம்.

ஆனால் எட்டினால் மட்டும் போதாது. 1995இல் டிஜிஎஃப்-பீட்டா3 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் இது தெளிவானது. தட்டுகள் வளர்ந்தன, எழும்பின, தொட்டன. ஒட்டவில்லை. விளிம்புப் படலத்துக்குக் 'கலைந்து வழிவிடு' என்று சொல்லும் சமிக்ஞை இல்லாததால் நடுவில் தையல் போலப் படலம் நின்றுவிடும், உள் திசு ஒன்று சேராது.

இந்தப் பின்னணியில், ஒட்டும் விளிம்பில் ஐஆர்எஃப்6 பளிச்சென்று தெரிந்ததும், இது ஒட்டவைக்கும் மரபணு என்று எடுத்துக்கொள்வது இயல்புதான். அது பாதி உண்மை.

2006இல் தெரிந்த மறுபக்கம்

ஐஆர்எஃப்6 சரியாக வேலை செய்யாத எலிகளை இரண்டு ஆய்வுகள் 2006இல் விவரித்தன. ஒட்டவைக்கும் மரபணு போய்விட்டால் ஒட்டாத எலிதானே பிறக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. தோல் இறுகிப் பளபளத்தது, கால்கள் உடம்போடு ஒட்டிப்போயின, வாய்க்குள் அண்ணத் தட்டுகள் நாக்கோடு ஒட்டிக்கொண்டன. தோலின் செல்கள் பெருகுவதை நிறுத்தி முதிர வேண்டிய கட்டத்தில் நிறுத்தாமல் பெருகிக்கொண்டே இருந்தன. தட்டு நாக்கோடு ஒட்டிவிட்டால் மேலெழும்ப முடியாது, எழும்பாவிட்டால் எதிர்த்தட்டைச் சந்திக்க முடியாது. பிளவு அங்கிருந்து வருகிறது.

கருவின் மேற்பரப்பில் பெரிடெர்ம் என்று ஒற்றைச் செல் தடிமனில் ஒரு தற்காலிகப் படலம் உண்டு. அப்பளத்தை அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு தூவுகிறோமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டும் புரதங்கள் இருக்காது, பக்கவாட்டிலும் அடியிலும்தான் இருக்கும். அந்தப் படலம் சரியாக உருவாக ஐஆர்எஃப்6 வேண்டும் என்பது 2014இல் இன்னும் தெளிவாகக் காட்டப்பட்டது.

அப்படியானால் முழங்கால் சவ்வும், ஒட்டிய விரல்களும், தாடைகளுக்கிடையே ஓடும் இழைகளும் தனித்தனிக் குறைகள் அல்ல. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டியதன் தடங்கள். 2002இன் பட்டியலிலேயே இந்தத் துப்பு கண்ணெதிரே இருந்திருக்கிறது. எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்ற படத்தைப் பார்த்து அதன் வேலையை ஊகிப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

விளிம்பில் அதற்கு வேலையே இல்லை என்றும் ஆகாது. பி63 என்ற இன்னொரு புரதம் படலச் செல்களைப் பெருகும் நிலையில் வைத்திருக்கிறது, அதுவே ஐஆர்எஃப்6ஐயும் இயக்கிவிடுகிறது. ஐஆர்எஃப்6 பதிலுக்குப் பி63ஐச் சிதைக்க வைக்கிறது. தட்டுகள் சந்திக்கும் நேரத்தில் டிஜிஎஃப்-பீட்டா3 இந்தச் சுற்றை ஒரு பக்கமாகத் தள்ள, விளிம்புச் செல்கள் பெருகுவதை விட்டுக் கலைகின்றன. சில செத்துப்போகின்றன, சில நகர்ந்து போகின்றன, எது எவ்வளவு என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. 2010இல் வந்த ஆய்வில், பி63இலும் ஐஆர்எஃப்6இலும் ஒவ்வொரு பிரதி மட்டும் பழுதான எலிகள் பிளந்த அண்ணத்தோடு பிறந்தன. ஆக ஒரே மரபணு, ஒரு நேரத்தில் ஒட்டாமல் காக்கிறது, இன்னொரு நேரத்தில் ஒட்ட வழிவிடுகிறது.

குழிகள் இல்லாத சாதாரணப் பிளவுக்கும் இதில் பங்கு உண்டு என்பது 2004இல் வெளியானது. 10 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 1968 குடும்பங்களில், மொத்தம் 8003 பேரிடம் பார்த்த பெரிய ஆய்வு அது. 2008இல், மரபணுவுக்கு வெளியே அதை இயக்கும் கட்டுப்பாட்டுத் துண்டில் ஒற்றை எழுத்து மாறுவது உதட்டுப் பிளவோடு தொடர்புள்ளதாகக் காட்டினார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு இதன் பொருள்

சாதாரணப் பிளவு உள்ள குழந்தைக்கு அடுத்துப் பிறப்பவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 5 சதவீதம். வான் டெர் வூட் பெற்றோருக்கோ 50 சதவீதம். ஆலோசனை சொல்பவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்பது ஒரு குடும்பத்தின் முடிவையே மாற்றும்.

இந்த இரட்டையரின் பெற்றோர் விஷயம் இன்னும் நுட்பமானது. வழக்கமாகப் பிள்ளையிடம் புதிய மாற்றம் இருந்து பெற்றோர் ரத்தத்தில் இல்லையென்றால், விந்தணுவிலோ கருமுட்டையிலோ ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் மீதி இருக்கும், அதனால் 'இனி வராது' என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம். இங்கே அதே கருவிலிருந்து வந்த மற்றவரிடம் மாற்றம் இல்லை. எனவே அது கருத்தரித்த பிறகு ஏற்பட்டது. பெற்றோருக்கு இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து இருக்கக் காரணமில்லை.

பாதிக்கப்பட்டவரின் பிள்ளைகளுக்கு 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. பாதிக்கப்படாதவர் பற்றித்தான் கவனமாகப் பேச வேண்டும். மாற்றம் இரட்டையர் பிரிவதற்கு முன்பே சில செல்களில் ஏற்பட்டு, பெரும்பகுதி ஒருவர் பக்கம் போயிருந்தால், மற்றவரின் உடலில் எங்கோ சிறு பங்கு இருக்க முடியும். ரத்தத்தில் இல்லை என்பதால் மட்டும் எங்குமே இல்லை என்றாகாது.

இன்று செய்தால் என்ன மாறும்

இதே ஜோடி இன்று வந்தால் இரட்டையர் என்ற சாமர்த்தியமே தேவைப்படாது. பாதிக்கப்பட்டவரின் ஐஆர்எஃப்6ஐ நேரே வாசித்துவிடலாம். வான் டெர் வூட் குடும்பங்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் காரணம் அங்கேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஜிஆர்ஹெச்எல்3. இது 2014இல் தெரியவந்த இரண்டாவது மரபணு, இதுவும் பெரிடெர்ம் சம்பந்தப்பட்டதே. அதிலும் இல்லையென்றால் ஐஆர்எஃப்6ஐ இயக்கும் கட்டுப்பாட்டுத் துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதும் மாறும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரின் ரத்தம் கருவிலேயே கலந்திருக்கக்கூடும் என்பதால் ரத்தத்தை மட்டும் நம்பாமல் கன்னத்தின் உட்புறத்திலிருந்தும் செல்கள் எடுப்பார்கள். பாதிக்கப்பட்டவரிடம் எத்தனை சதவீதச் செல்களில் மாற்றம் உள்ளது என்பதையும் எண்ணலாம், முகடுகளைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த உத்தியை எல்லா இடத்திலும் நீட்ட முடியாது என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். குழிகள் இல்லாத சாதாரணப் பிளவில் ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்ட இரட்டையரிடம் இதே குழு பின்னர் தேடிப் பார்த்தது. 2005இல் வந்த முடிவு: பார்த்த மரபணுக்களில் இருவருக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒற்றை மரபணுவால் வரும் நோயில் பலித்தது, பல காரணங்கள் சேர்ந்து வருவதில் பலிக்கவில்லை.

பிளவோடு ஒரு குழந்தை வந்தால் தாய், தந்தை, கூடப் பிறந்தவர்கள் எல்லாருடைய கீழுதட்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இன்றும் எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். சிலருக்குச் சின்ன வயதிலேயே குழிகளை அறுவை செய்து எடுத்திருப்பார்கள், அதனால் கேட்கவும் வேண்டும். இந்த நோய்க்குறி உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்குக் குழிகள் இருக்கும், மீதிப் பேருக்கு இருக்காது. குடும்பத்தில் உதட்டுப் பிளவும் தனி அண்ணப் பிளவும் கலந்து வந்திருந்தால், குழி ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் மரபணுச் சோதனைக்கு எழுதிவிடலாம்.